நாற்பத்திரண்டை ஆறால் பிரித்தல்

முள்ளியவளையில் வீட்டு முன்னறையில் தையல் தைக்கிறேன். சனிக்கிழமை காலையில் மட்டும் மெசினுக்கு மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, போனில் கணக்குப் படிப்பிப்பேன். வெளிநாட்டில் இருக்கிற சிலரும் இங்கே உள்ள சிலருமாகச் சேர்ந்து, கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு இலவசமாக நடத்துகிற வகுப்பு அது. கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஓர் ஆளுக்கு ஒரு பிள்ளை.

எனக்குக் கிடைத்தவளுக்குப் பதினொரு வயது. மாவட்டத்தின் மற்றப் பக்கத்தில், பெரிய குளமொன்றின் கட்டுக்குக் கீழே உள்ள குடியேற்றத்தில் வீடு. தாய் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. தகப்பனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலியில் இருப்பார், பாதி நாள் கட்டிலில் கிடப்பார். மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். பிள்ளையின் பேச்சு எங்கள் பேச்சாகிவிட்டது. தகப்பன் இடையில் குரல் கொடுக்கும்போது மட்டும் தோட்டத்துப் பேச்சு கேட்கும். ஏழு மாதம் படிப்பித்தும் அவர்களை நேரில் பார்த்ததில்லை.

அந்த மழை வியாழக்கிழமை தொடங்கியது. சனிக்கிழமை வகுப்பு இருக்காது என்றுதான் நினைத்தேன். ஒன்பது மணிக்கு அவளே வீடியோவில் வந்தாள். தகப்பனின் கட்டிலில், அவருக்குப் பக்கத்தில் கொப்பியோடு இருந்தாள்.

"மிஸ், வீட்டுக்குள்ள தண்ணி வந்திட்டுது."

போனைத் திருப்பிக் காட்டினாள். சீமெந்து நிலத்தில் பழுப்பு நிறத் தண்ணீர், அதில் ஒரு செருப்பு சுற்றிக்கொண்டிருந்தது. தாய் முதல் நாள் வேலைக்குப் போனவர், வீதி மூடுண்டதால் திரும்பவில்லை. பக்கத்து வீட்டார் விடியற்காலையில் தகப்பனைத் தூக்கிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள். மனைவி வரட்டும், இந்தப் பக்கம் தண்ணீர் ஏறியதே இல்லை என்று அவர் அவர்களை அனுப்பிவிட்டார்.

"டீச்சர், புள்ள பயப்புடுது. நீங்க எப்பவும்போல கணக்கு சொல்லிக் குடுங்க," என்றார் அவர். அவருடைய குரலும் சரியாக இல்லை.

எனக்கும் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடிமட்டத்தை எடுத்து, சுவரில் தண்ணீர் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு அளக்கச் சொன்னேன். ஒன்பது பத்துக்கு இரண்டு சென்ரிமீற்றர். ஒன்பது நாற்பதுக்கு ஐந்து. அரை மணித்தியாலத்தில் மூன்று, அப்படியென்றால் ஒரு மணித்தியாலத்தில் ஆறு. கட்டிலின் உயரம் நாற்பத்தேழு. ஐந்தைக் கழித்தால் நாற்பத்திரண்டு.

"இப்ப என்ன செய்யவேணும்?" என்று கேட்டேன்.

பிரித்தல் என்றாலே அழுகிறவள். அன்று அழாமல் எழுதினாள்.

"ஏழு, மிஸ். ஏழு மணித்தியாலம். பின்னேரம் நாலு நாப்பது."

"சரி," என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஏழு மணித்தியாலம் என்பது எவ்வளவு பெரிய நேரம்! அதற்குள் யாரையாவது அனுப்பிவிடலாம்.

அந்தப் பகுதிக் கிராம அலுவலரான விதானையாரின் இலக்கத்தைத் தகப்பனிடம் வாங்கி, பத்துப் பன்னிரண்டு தடவை அடித்த பிறகு அவர் எடுத்தார். பின்னால் ஆட்கள் சத்தம் போடுவது கேட்டது. நான் கணக்கை அப்படியே சொன்னேன்.

"நாலரை வரைக்கும் தாங்குமோ? அப்ப தாங்காத இடங்களை முதல் பாக்கிறம், பிள்ளை. கூரையில இருக்கிற சனமும் இருக்கு."

அது நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவரை அழைத்தேன். கரையில் அவருக்கும் தம்பிக்கும் ஒரு பைபர் படகு உண்டு. இடத்தைச் சொல்லி, படகை உழவு மெசின் இழுக்கிற பெட்டியில் ஏற்றிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டேன்.

"ஏன் ஏலாது? எஞ்சினைக் கழட்டி வச்சிருக்கிறம் அக்கா. எத்தினை மணிக்குள்ள போகவேணும்?"

"நாலரைக்குள்ள."

"அப்ப மத்தியானம் வெளிக்கிடுறன்."

பத்து பத்துக்கு எட்டு என்று செய்தி அனுப்பினாள். பத்து நாற்பதுக்குப் பதினொன்று. கணக்குப் பிசகாமல் வந்துகொண்டிருந்தது. நான் மெசினில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்குக் கரை அடிக்கத் தொடங்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பதினொன்று பத்துக்குச் செய்தி வரவில்லை, அழைப்பு வந்தது.

"மிஸ், இருபத்தாறு. இருபத்தாறு மிஸ். கோடெல்லாம் தாண்டிட்டுது."

அரை மணித்தியாலத்தில் பதினைந்து. எங்கோ மேலே குளத்தின் வான் கதவுகளைத் திறந்து தண்ணீரை வெளியே விட்டிருக்கிறார்கள். திறக்காவிட்டால் கட்டு உடைந்திருக்கும் என்று பின்னர் சொன்னார்கள். எனக்கு அந்த நேரத்தில் அது ஒன்றும் தெரியாது. கட்டிலுக்கு இன்னும் இருபத்தொரு சென்ரிமீற்றர். நிமிடத்துக்கு அரைச் சென்ரிமீற்றர். நாற்பத்திரண்டு நிமிடம். விடை எனக்கு வந்துவிட்டது.

"எவ்வளவு நேரம் மிஸ்?"

"நீ அதைச் செய்யாத. போனை அப்பாட்டக் குடு."

அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் மகளிடம், சாப்பாட்டு மேசையை இழுத்துக் கட்டிலின் மேல் ஏற்றச் சொன்னார். அது பலகை மேசை, பாரமில்லாதது. ஆனாலும் அவள் பதினொரு வயதுப் பிள்ளை. போன் எங்கோ சாய்ந்து கிடந்தது. கூரைத் தகரமும் அவளுடைய மூச்சும் தண்ணீரில் கால்கள் அடிபடும் சத்தமும்தான் எனக்குக் கிடைத்தன. "இன்னும் கொஞ்சம்மா, இன்னும் கொஞ்சம்," என்று அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். பிறகு தாயின் சேலையைக் கூரையின் முகட்டு வளையில் எறிந்து முடிச்சுப் போட வைத்து, அதைப் பிடித்துத் தன் கைகளாலேயே ஏறி மேசைக்கு வந்துவிட்டார். ஏறும்போது அவர் முனகியது இன்னும் எனக்குக் கேட்கிறது.

"மிஸ், சார்ஜ் ஆறு வீதம்தான் இருக்கு."

"போனை நிப்பாட்டி வை அம்மா. படகு வருது. சத்தம் கேட்டாக் கூப்பிடு."

படகு வருகிறதா என்று எனக்கே தெரியாது. மீன்காரரை அழைத்தேன். "எஞ்சின் பூட்டியாச்சு. வெளிக்கிடுறம்," என்று மட்டும் சொன்னார். விதானையாரின் போன் வேலை செய்யவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் ஒரு சத்தமுமில்லை. இங்கே யுத்தத்தைக் கண்ட என் வயதுக்காரருக்கு, பேசிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று பேசாமல் போவது புதிதல்ல. முற்றத்துக்குப் போவேன், உள்ளே வருவேன், போனை எடுத்துப் பார்ப்பேன், வைப்பேன். எனக்கு வந்த பெரிய பயம் தண்ணீருக்கல்ல. நாலரை என்று சொன்னது நான். விதானையாரின் பட்டியலில் அவர்களைப் பின்னுக்குத் தள்ளியது நான். மீன்காரரைச் சாவகாசமாக எஞ்சின் பூட்ட வைத்ததும் நான். தண்ணீர் ஒரே சீராக ஏறும் என்று எனக்கு யார் சொன்னது? வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைக்க வாயெடுத்து, இந்தப் பிழைக்கு என்ன நேர்த்தி வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

ஒன்றரைக்கு மீன்காரர் அழைத்தார். காற்றும் எஞ்சின் இரைச்சலுமாக முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"அக்கா, ரெண்டு பேரும் படகில. கேக்குதே? ரெண்டு பேரும்."

மேசைக்குக் கீழே ஒரு சாண்தான் மிச்சம் இருந்ததாம். நான் நிலத்தில் இருந்துவிட்டேன்.

அவர்களைப் பள்ளிக்கூடமொன்றில் தங்க வைத்தார்கள். தாய் மறுநாள்தான் வந்து சேர்ந்தார். நாலாம் நாள் யாரோ ஒருவரின் போனில் தகப்பனோடு பேசினேன். நான் சொன்ன கணக்கால்தான் இவ்வளவு பிந்தியது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"வெடியக்காலயில என்னத் தூக்க வந்தாங்களே, நான்தான் போகல டீச்சர்," என்றார். "நான் யாருகிட்ட மன்னிப்புக் கேக்குறது? புள்ள முகத்தப் பாக்கவே பயமா இருக்கு."

வகுப்பை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். குழுவுக்கு எழுதியும் வைத்தேன், அனுப்பவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு அவள் மீண்டும் வந்தாள். பின்னால் கழுவிய சுவர், ஈரம் இன்னும் காயவில்லை. பயிற்சித் தாளில் அடுத்த கணக்கு, ஒரு தொட்டி நிமிடத்துக்கு எட்டு லீற்றர் வீதம் நிரம்புவது பற்றியது. நான் அதை விட்டு அடுத்ததற்குப் போனேன்.

"மிஸ், மூண்டாம் கணக்கை விட்டிட்டீங்கள்."

"அது பிறகு செய்வம்."

"நான் செய்திட்டன். பன்னிரண்டு நிமிசம்." கொப்பியைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். விடைக்குக் கீழே சின்ன எழுத்தில் அவளாகவே எழுதியிருந்தாள்: ஒரே மாதிரி வந்தால்.

சரி என்றேன். இப்போதும் சனிக்கிழமைகளில், அவளுடைய போனுக்குள் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டால், கணக்கை நிறுத்திவிட்டு, வாசலுக்குப் போய்த் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்வேன். அவள் சலித்துக்கொண்டுதான் போவாள்.