சத்தம் வந்த நாள்

இன்றைய கணினிகள் தமக்கு வேண்டிய டிரைவர் மென்பொருள்களைத் தாமே தேடிப் போட்டுக்கொள்கின்றன. அண்ணை கனடா போனபின் அரியாலையில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கணினிக்கு அந்தப் புத்தி இல்லை. வீடியோ அழைப்பில் அண்ணை தெரிந்தார், ஆனால் சத்தமே இல்லை. அம்மா கையை வாய்க்குக் கொண்டுபோய், சாப்பிட்டாயா என்று சைகையில் கேட்பார்.

சவுண்ட் டிரைவர் சீடியில் கீறல்; வீட்டு இணையத்தில் இறக்கினால் பாதியிலேயே அறுந்துபோனது. அந்தச் சனியனைத் திட்டிக்கொண்டே சைக்கிளில் யாழ்ப்பாணம் போய், நெட் கஃபேயில் டிரைவரைப் பென் டிரைவில் இறக்கி வந்து போட்டேன்.

அன்று பின்னேரம் ஸ்பீக்கர் கத்தியது. "அம்மா, கேக்குதோ?"

"ஓம் ராசா, கேக்குது!"

அண்ணை வளர்த்த நாய் மேசைக்குக் கீழே படுத்திருந்தது. திரையில் அவர் முகம் தெரிந்த நாட்களில் அது தலையைக்கூடத் தூக்கியதில்லை. குரல் கேட்டதும் துள்ளி எழுந்தது. கணினியை ஏறிட்டும் பார்க்காமல், முற்றம் தாண்டி வாசல் படலைக்கு ஓடி, றோட்டைப் பார்த்து வாலாட்டிக்கொண்டு நின்றது.

"நாய் எங்கையம்மா?" என்று அண்ணை கேட்டார்.

"படலையடியிலை நிக்குது. நீ வந்திட்டாய் எண்டு நினைச்சிட்டுது."

அதன்பிறகு கொஞ்ச நேரம் ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை. டிரைவரில் பிழை இல்லை.