சம்மதம் சொல்லாத குறத்தி

எனக்கு மறதி கிடையாது. யார் எனக்கு என்ன செய்தார்கள் என்பது பாட்டு மாதிரி மனப்பாடமாக இருக்கிறது.

ஸ்பெஷல் நாடகத்தில் வேஷம் கட்டிப் பாடுகிறவள் நான். எங்களுக்கு ஒத்திகை கிடையாது. ஆளுக்கு ஓர் ஊரிலிருந்து பஸ் பிடித்து வருவோம். கதையும் பாட்டும் எல்லாருக்கும் தெரியும். நடுவில் வரும் தர்க்கம் மட்டும் அவரவர் வாய்ச் சாமர்த்தியம்.

அந்த வருஷம் சின்னமனூரில் முருகன் வேஷம் கட்டியவர் பேர்போன ராஜபார்ட். நான் குறத்தி. பிரசவத்துக்குப் பிறகு எனக்கு அதுதான் முதல் மேடை. தினைப்புனத்தில் குருவி விரட்டும் பாட்டின் முதல் வரிக்கே கைதட்டல் எழுந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. ஆர்மோனியக்காரருக்குக் கண்ணைக் காட்டினார். அடுத்த அடியில் சுருதி ஒரு கட்டை ஏறியது. என் குரல் உடைந்தது.

அவர் மைக்கைப் பிடித்தார். "ஆத்தா, நீ பாடவே வேணாம். தொண்டையச் செருமு, குருவி தானா ஓடிரும்."

கூட்டம் சிரித்தது. யாரோ அதைச் செல்போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். கம்பம் வரைக்கும் எனக்குக் குரல் போய்விட்டது என்று பேச்சு. ஏஜெண்டுகள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பழனிசெட்டிபட்டியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்தேன். மடிக்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. வீட்டில் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, ஒரு கட்டை ஏற்றியே சாதகம் செய்தேன்.

மறு வருஷம் சுருளிப்பட்டியில் குறத்தி வேஷக்காரிக்குக் காய்ச்சல். ஏஜெண்ட் வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார். முருகன் யார் என்று கேட்டேன். அவரேதான். உடனே சரி என்றேன்.

அன்றும் சுருதி ஏறியது. நானும் ஏறிப் பாடினேன். ஆனால் தர்க்கத்தில் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தேன். அவருக்கு ஒரே குஷி. விடிகிற நேரத்தில் கல்யாணக் கட்டம் வந்தது. மேடையில் குறத்தி போடும் மாலையிலிருந்து ஒரு பூ வாங்கிப்போனால் வரன் அமையும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. பெண்ணைப் பெற்றவர்கள் அதற்காகவே முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். மாலை மாறாமல் நாடகம் முடியாது.

சம்மதமா என்று பாடினார். நான் மாலையோடு சும்மா நின்றேன். மறுபடி பாடினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, போட்டுத் தொலை என்று முணுமுணுத்தார். நான் மைக்குக்கு நேராகத் திரும்பினேன்.

"சாமி, போன வருசம் சின்னமனூர்ல ஒரு குறத்தி பாடயில, அவ கொரல ஒடைக்கச் சுருதிய ஏத்தச் சொன்னது யாரு? அதச் சொல்லுங்க, மாலையப் போடுறேன்."

அவர் வேறு பாட்டை எடுக்கப் பார்த்தார். அதே ஆர்மோனியக்காரர்தான் அன்றும். அவர் கட்டைகளிலிருந்து கையை எடுத்துவிட்டார். முன்வரிசையில் ஓர் அம்மா எழுந்து, சீக்கிரம் சொல்லுங்கய்யா, எம் மகளுக்குப் பூ வேணும் என்றார். செல்போன்கள் மேலே எழும்பின.

"நாந்தேன்," என்றார் ராஜபார்ட்.

சனங்களுக்குக் கேட்கவில்லை என்றேன். மைக்கில் சொன்னார். மாலையைப் போட்டேன். முகமெல்லாம் வேர்த்து, பவுடர் கரைந்து நின்ற மனுஷனைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. மனசு குளிர்ந்தது.

போன வாரம் ஏஜெண்ட் போன் செய்தார். நான் வருகிற மேடை என்றால் தனக்கு வேஷமே வேண்டாம் என்கிறாராம் ராஜபார்ட். வயசில் மூத்தவர், ஒரு வார்த்தை சமாதானமாகப் பேசிவிடு என்றார்.

"அவுக முருகன் வேசம் கட்டுற ஊருக்கெல்லாம் குறத்திக்கு என்னையவே போடுங்க," என்றேன்.