பாட்டுக்கும் பாட்டிலுக்கும் ஒரே ஃபைல்

மஸ்கட்டில், ரூவியில் நான் வேலை பார்க்கும் ஹோட்டல் போர்டில் இரண்டு நட்சத்திரம் போட்டிருக்கும். எங்கேம்மா அந்த ரெண்டும் என்று யாராவது கிண்டலாகக் கேட்டால், ஒன்று நான், இன்னொன்று எங்கள் பாடகர் அண்ணன் என்று சொல்லிவிடுவேன். எனக்கு ரிசப்ஷன் டியூட்டி. பெயர்தான் ரிசப்ஷன். சாவி கொடுப்பது, ஏசி ஓடவில்லை என்று கத்துகிறவரைச் சமாதானப்படுத்துவது, அரசாங்க ஆபீஸில் கால் கடுக்க நிற்பது எல்லாம் என் தலையில்தான் விடியும். நான் திருச்சிக்காரி. வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் வீட்டிலேயே சொல்வார்கள்.

அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் மாடியில் அப்போது ஒரு பார் இருந்தது. அதன் மூலையில் கீபோர்டை வைத்துக்கொண்டு தினமும் மாலையில் பாடுவார். அவருக்குக் குடி வாசனையே ஆகாது. யார் என்ன பாட்டுக் கேட்டாலும் முகம் கோணாமல் பாடுவார். சைட்டில் நாளெல்லாம் வெயிலில் காய்ந்துவிட்டு வந்து முதல் கிளாஸோடு உட்காரும் ஆட்கள், அவர் இரண்டு பாட்டுப் பாடியதும் எழுந்து வராந்தாவுக்குப் போய் வீட்டுக்குப் போன் போடுவார்கள். எனக்கு அவரை அதனாலேயே ரொம்பப் பிடிக்கும்.

அவர் மனைவிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு தையல் கடையில் வேலை. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமான புதிதிலேயே அண்ணன் கத்தாருக்குப் போய்விட்டார், அக்கா மஸ்கட்டுக்கு வந்துவிட்டார். வருஷக்கணக்காக போனிலேயே குடித்தனம். எங்கள் ஹோட்டலில் வேலை கிடைத்து அண்ணன் இங்கே வந்த பிறகுதான் ஒரே பாத்ரூமில் இரண்டு பேருடைய பிரஷ்ஷும் இருந்தது. இதை அக்காவே ஒருநாள் வெட்கப்பட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்.

அந்தச் சமயம் பார்த்து ஹோட்டல் கை மாறியது. புது முதலாளி கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனுஷர்தான். ஆனால் பழைய லைசென்ஸ் பழைய முதலாளியோடு போய்விட்டது. பாரும் பாட்டும் வேண்டுமென்றால் பலதியாவில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். நகராட்சியை இங்கே எங்கள் ஆட்கள் எல்லோரும் பலதியா என்றுதான் சொல்வோம். பாட்டுக்கும் பாட்டிலுக்கும் ஒரே ஃபைல். கமிட்டி வந்து இடத்தைப் பார்த்து, பாட்டையும் கேட்டுவிட்டு முடிவு சொல்லும். அதுவரை மாடிக்குப் பூட்டு.

முதலாளி என்னிடம் மறைக்காமல் சொன்னார். "லைசென்ஸ் வந்துச்சுன்னா பாட்டுக்காரர் இருக்கட்டுங்க அம்மிணி. வரலீன்னா விசாவ கேன்சல் பண்றதத் தவிர வேற வழியில்லீங்க. வேலையில்லாத ஆள எத்தன நாளைக்கு வெச்சிருக்கறது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அது எனக்கும் தெரியும். ஆனாலும் எரிச்சலாக வந்தது. அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னபோது, "சரி தங்கச்சி, பாப்பம்" என்றார், அவ்வளவுதான்.

ஒருவழியாக பலதியாவிலிருந்து போன் வந்தது. மறுநாள் மாலை கமிட்டி ஹோட்டலுக்கு வருகிறது. நான் உடனே அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, நாளைக்கு சாயங்காலம் கச்சேரி. பலதியா ஆளுங்க எல்லாரும் இருப்பாங்க. நல்ல டிரஸ்ஸா போட்டுக்கிட்டு வந்துடுங்க."

"ஓம் தங்கச்சி. என்னவும் கொண்டு வரோணுமே?"

"ஒண்ணும் வேணாம். நீங்க வந்தாப் போதும்."

இதில் யாருக்காவது என்ன குழப்பம் வரும் என்று நினைக்கிறீர்கள்? எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மாடியைத் திறந்து துடைத்து, கீபோர்டுக்கு மேல் மூடியிருந்த துணியை எடுத்து, எல்லாம் தயார். கமிட்டியில் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். பெரிய அதிகாரி ஆபீஸிலிருந்து நேரே வருகிறார் என்றார்கள். டீயும் பிஸ்கட்டும் கொடுத்து உட்கார வைத்தோம். அண்ணனை மட்டும் காணோம். நான் கீழே வாசலுக்கும் மாடிக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"தங்கச்சி, நான் வாசலிலதான் நிக்கிறன். நீங்கள் எங்க நிக்கிறீங்கள்?"

"நானும் வாசல்லதாண்ணா நிக்கிறேன். உங்களைக் காணோமே."

"இஞ்ச ஒரு காவலாளி மட்டும்தான் நிக்கிறார். எல்லாரும் வீட்டை போயிட்டினமாம்."

"அண்ணா, நிமிர்ந்து போர்டைப் பாருங்க. என்ன எழுதியிருக்கு?"

"முனிசிபாலிட்டி எண்டு போட்டிருக்கு. நீங்கள்தானே தங்கச்சி கச்சேரிக்கு வரச் சொன்னனீங்கள்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நமக்குக் கச்சேரி என்றால் பாட்டு. அவர்கள் ஊரில் பாட்டுக் கச்சேரி என்று சேர்த்துச் சொன்னால்தான் பாட்டு. வெறும் கச்சேரி என்றால் அது கவர்மெண்ட் ஆபீஸ். பிறப்புப் பத்திரத்துக்கும் காணிப் பத்திரத்துக்கும் போய் நிற்கிற இடம். போதாக்குறைக்கு பலதியா ஆட்கள் இருப்பார்கள் என்று நான் வேறு சொல்லியிருக்கிறேன். மனுஷர் கோட்டைப் போட்டுக்கொண்டு, பாட்டுப் பரீட்சை பாஸ் செய்த சான்றிதழ்களை எல்லாம் கையில் பிடித்துக்கொண்டு போய் நிற்கிறார். ஒரே தமிழைப் பேசி இப்படி மாட்டிக்கொள்வோம் என்று யார் கண்டார்கள்?

"அங்கேயே ஒரு டாக்ஸியைப் பிடிச்சு ஓடி வாங்கண்ணா" என்று கத்திவிட்டு மேலே போனேன்.

"பாட்டுக்காரர் எங்கீங்க அம்மிணி?" என்றார் முதலாளி.

"வந்துக்கிட்டே இருக்காருங்க" என்றேன். இந்த ஊரில் எல்லோரும் சொல்லும் பதில்தான்.

அந்த நேரத்து டிராஃபிக்கில் டாக்ஸி கிடைப்பது குதிரைக் கொம்பு. வந்த இருவரும் இரண்டாவது டீயும் குடித்து முடித்தார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அக்காவின் முகம்தான் கண் முன்னால் வந்து நின்றது. நான் சொன்ன ஒரு வார்த்தையால் அவர்கள் மறுபடி ஆளுக்கொரு தேசத்தில் கிடப்பார்களோ என்று நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது. ரிசப்ஷனில் நின்று அழக்கூடாது என்பதால் லிஃப்டுக்குள் போய் அழுதேன்.

லிஃப்ட் கீழே வந்து திறந்தபோது ஹோட்டல் வாசலில் ஒரு பெரிய வெள்ளை வண்டி நின்றது. ஓட்டி வந்தது பெரிய அதிகாரி. பக்கத்து சீட்டிலிருந்து கோட்டும் சான்றிதழுமாக அண்ணன் இறங்கினார்.

அதிகாரி ஆபீஸிலிருந்து கிளம்பும்போது வாசலில் ஒரு ஆள் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறார். எங்கே போக வேண்டும் என்று சைகையில் விசாரித்தால், அண்ணன் சொன்னது அவர் போக வேண்டிய அதே ஹோட்டலின் பெயர். யல்லா, ஏறு என்று சொல்லிவிட்டார். அவர் இதை இந்தியில் எங்களிடம் சொல்லும்போது சிரிப்பை அடக்க ரொம்பக் கஷ்டப்பட்டார்.

நான் அண்ணனைத் தனியாக இழுத்துக் கேட்டேன். "வழியில என்னண்ணா பேசுனீங்க?"

"என்னத்தைப் பேசுறது? எனக்கு அரபியும் வராது, இந்தியும் வராது. பாடு எண்டு கையால காட்டினார். பாடினன்."

மாடியிலும் பாடினார். அதிகாரி ஒரு ஆளைப் பின் சந்துக்கு அனுப்பி, சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று பார்த்து வரச் சொன்னார். அவரே ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் கீழே பார்த்தார். சந்தின் மறுபக்கம் சின்னப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதச் சொல்லிக் கொடுக்கும் இடம். வாசல் முழுக்கக் குட்டிக் குட்டிச் செருப்புகள். பிறகு வந்து உட்கார்ந்து இன்னொரு பாட்டுப் பாடச் சொன்னார். முழுதாகக் கேட்டார். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

முடிவைக் கேட்க நான்தான் பலதியாவுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் திரையைப் பார்த்து, "பார் மாஃபி" என்றான். இல்லையாம். அவன் இன்னும் படித்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் ஓதும் இடம் பின்னால் இருப்பதால் மதுவுக்கு அனுமதி கிடையாது. கீழே குடும்பங்கள் சாப்பிடும் ரெஸ்டாரண்டில், கதவைச் சாத்திக்கொண்டு, பாட்டுக்கு அனுமதி உண்டு. இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

முதலாளி தலையில் கை வைத்தார். "பாட்டில் இல்லாம வெறும் பாட்ட வெச்சுட்டு நா என்ன பண்றதுங்க அம்மிணி? தோசை திங்க வர்றவனுக்கு எதுக்குங்க பாட்டு?"

எனக்கு வந்ததே கோபம். "குடிக்க வர்றவர் தனியா வருவாருங்க. சாப்பிட வர்றவர் பொண்டாட்டி, பிள்ளைங்க, லீவுக்கு வந்த மாமியார் வரைக்கும் கூட்டிட்டு வருவாரு. பாட்டு ஓடுச்சுன்னா எழுந்திரிக்கவே மாட்டாங்க, இன்னொரு காபி சொல்லுவாங்க. பலதியா பெரியவரே பாடகருக்கு டிரைவர் வேலை பார்த்திருக்காரு. அவரை ஊருக்கு அனுப்பிட்டு யாரு பாடப் போறா? நீங்களா?"

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். தான் பாடினால் இருக்கிறவனும் ஓடிவிடுவானே என்று அவரே சொல்லிச் சிரித்துவிட்டார். "சரி, விசாவத் தொட வேண்டாம். கீழ அந்த ஜூஸ் ஃப்ரிட்ஜ நகத்திட்டு அவருக்கு எடம் பண்ணுங்க."

போனில் சொல்ல மனசு வரவில்லை. மூச்சிரைக்க அவர்கள் ரூமுக்கே போனேன். இரண்டு பேரும் வீட்டில்தான் இருந்தார்கள். பார் கிடையாது, பாட்டு உண்டு, விசாவுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அண்ணன் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார். அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து என்னிடம் கொடுத்தார்.

பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "போகப் போற மனுசனை ஏன் ஏசுறது எண்டு இவ்வளவு நாளும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான் தங்கச்சி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"இஞ்சாருங்கோ, ஈரத் துவாயைக் கட்டிலில போடாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

அண்ணன் சிரித்துக்கொண்டே ஈரத் துண்டை எடுத்துக் கொடியில் போட்டார்.