மாமாவின் நாக்கில் இருந்த வெள்ளை

எங்கள் வீட்டில் கைகழுவும் தொட்டிக்கு மேலே, பலகையில் ஒரு எவர்சில்வர் சம்புடம் இருக்கிறது. உள்ளங்கை அளவுதான். மூடி இறுக்கமானது, திறக்கும்போது ‘டப்’பென்று சத்தம் வரும். என் கல்யாணச் சீரோடு வந்தது. பெருங்காயம் போட்டு வைப்பதற்காக என் அம்மா வாங்கியது. ஒரு நாள் அதைப் புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் காய வைத்து, என் மாமனாரின் கையில் கொடுத்தேன். அதிலிருந்து அது அவருடையதாகிவிட்டது.

மாமா பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கி வீசிங் வந்துவிட்டது, காலையும் மாலையும் இன்ஹேலர் உறிஞ்சுவார். மேலே பல் ஒன்றுகூட இல்லை, பல்செட்தான். ஆனால் நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து பல்செட் இல்லாத அவர் வாயை ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. மருமகள் புழங்குகிற வீட்டில் பொக்கை வாயோடு இருப்பது மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். அத்தை போன பிறகு அது இன்னும் கூடிவிட்டது. தூங்கும்போதும் கழட்ட மாட்டார். வாய் கொப்பளிப்பதென்றாலும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான்.

அவர் பெரிய சிவபக்தர். காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கிலும் போட்டுக்கொண்டு பதிகம் பாட உட்காருவார். பாடும்போது நாக்கு வெள்ளை வெளேரென்று தெரியும். சாமியே நாக்கில் குடியிருக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருக்கும். அக்கம்பக்கத்தில் சொல்லியும் இருக்கிறேன். அந்தப் பெருமைதான் என் கண்ணை மறைத்தது என்று பிறகுதான் தெரிந்தது.

ஒரு தை மாதம் மாமா சாப்பாட்டைக் குறைத்தார். கொள்ளு ரசம் என்றால் இரண்டு டம்ளர் குடிக்கிறவர், ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் விட்டார். “காரம் எரியுது அம்மணி” என்றார். மிளகாயே இல்லாமல் வைத்தேன், அதுவும் எரிந்தது. அப்புறம் எதுவுமே ருசிக்கவில்லை என்றார். தட்டில் போட்டது அப்படியே திரும்பி வந்தது. சட்டை தோளில் தொங்கத் தொடங்கியது. கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர், “வயசாச்சில்ல, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுவார். சரவணம்பட்டியில் இருக்கும் என் நாத்தனார் வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுச் சமையற்கட்டு வாசலில் நின்றாள்.

“ஏனுங்க அண்ணி, அப்பாவுக்குப் போடறப்ப மட்டும் உங்க கை இழுத்துக்குதுங்களா?”

எங்கள் பக்கம் குத்திப் பேசுவதையும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார்கள். குத்து ஒன்றும் குறையாது. அவள் அதோடு விடவில்லை. அப்பாவின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து, நேரம் சரியில்லையாம், சொந்தபந்தத்துக்குச் சொல்லி வைப்பது நல்லது என்றாள். ஒவ்வொருவராக வந்து ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டுப் போனார்கள். ஆப்பிளைக் கடிக்க முடியாதவர் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வீடே என் கையால்தான் சாப்பிடுகிறது, இந்த மனிதர் மட்டும் பட்டினியாகவே போய்விடுவாரோ என்று பூஜை அறையில் அழுதிருக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் பங்காளி வீட்டில் ஒரு சாவு. எங்களுக்குத் தீட்டு. தீட்டென்றால் எங்கள் வீட்டில் பூஜை அறையைச் சாத்திவிடுவோம். விளக்கு கிடையாது, பதிகம் கிடையாது, திருநீற்றுக் கிண்ணமும் உள்ளேயேதான் இருக்கும். நாலாம் நாள் காலையில் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். மாமா ஜன்னலோரம் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. வெயில் நேராக உள்ளே விழுந்தது. நாக்கு முழுக்க வெள்ளை. உள்கன்னத்திலும் பாலாடை மாதிரி திட்டுத் திட்டாக.

கஞ்சி டம்ளரோடு அப்படியே நின்றேன். திருநீறு தொட்டு நாலு நாளாச்சு. அப்புறம் இது என்ன?

யாரையும் கேட்கவில்லை. ஆட்டோ வைத்து ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். பல்செட்டைக் கழட்டச் சொன்னதும் மாமா என்னைப் பார்த்தார். “நீ செத்த வெளிய இரு கண்ணு” என்றார். எழுந்து கதவு வரை போய்விட்டேன். டாக்டரம்மா விடவில்லை. “ஐயா, வீட்ல உங்களைப் பார்த்துக்கறது அவங்கதானுங்களே? அவங்க பார்த்தே ஆகணும்” என்றார்.

மாமா தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கழட்டினார். துண்டை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கன்னம் இரண்டும் உள்ளே போய், யாரோ மாதிரி இருந்தார். மேலண்ணம், பல்செட் உட்கார்ந்திருந்த அளவுக்கு, கோடு போட்ட மாதிரி செக்கச் செவேலென்று புண்ணாகிக் கிடந்தது. நாக்கின் வெள்ளையைப் பஞ்சால் துடைத்ததும் கீழே ரத்தச் சிவப்பு. இதோடுதான் நான் வைத்த ரசத்தைக் குடித்திருக்கிறார்.

“இதையெல்லாம் பார்க்கோணும்னு உனக்கென்ன அம்மணி தலையெழுத்து” என்றார். பல் இல்லாத பேச்சுதான், ஆனாலும் எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

“எங்கப்பாவா இருந்தா பார்க்க மாட்டனுங்களா மாமா?” என்றேன்.

டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பூஞ்சையும் பாக்டீரியாவும் பெரும்பாலான பேர் வாயில் இருப்பதுதானாம். எச்சில் நன்றாக ஊறுகிற வரை அடங்கிக் கிடக்கும். வயசானால் எச்சில் குறையும். அதோடு இன்ஹேலர் மருந்து வாயில் படிய, கொப்பளிக்காமல் விட்டு, பல்செட்டையும் ராப்பகலாகக் கழட்டாமல் வைத்தால் பூஞ்சை பெருகிவிடும். மூடி வைத்த தேங்காய் மூடியில் பூசணம் பிடிப்பதை நான் பார்க்காததா! அழுக்குப் பல்செட்டோடு தூங்கினால் அந்தக் கிருமி நெஞ்சுக்கும் இறங்கி நிமோனியா வரலாம் என்றும் சொன்னார். வாயில் விட்டுக்கொள்ளச் சொட்டு மருந்து கொடுத்தார். இன்ஹேலர் இழுத்ததும் கொப்பளிக்க வேண்டும், படுக்கும்போது பல்செட்டைக் கழட்டிப் பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீரில் போட வேண்டும். திருநீறு பற்றி நானே கேட்டேன். “நெத்திக்கு மட்டும் போதுங்க. புண்ணு மேல எதையும் போட வேண்டாம்” என்றார்.

எல்லாம் சரி, கழட்டுவதற்கு அவர் மனசு வர வேண்டுமே. அப்போதுதான் சம்புடத்தைத் தேய்த்துக் கொடுத்தேன். “இதுக்கு மூடி இருக்குங்க மாமா. உள்ள என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாது” என்றேன். அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கதவுக்குப் பின்னால் அந்த ‘டப்’ சத்தம் கேட்டது. சிவனே என்று கும்பிட்டுக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் எரிச்சல் தணிந்தது. இரண்டு வாரத்தில் அரிசிப் பருப்புச் சாதம் செய்தேன். நெய் ஊற்றி ஒரு தட்டு முடித்து, “இன்னொரு கரண்டி போடு அம்மணி” என்றார். நாத்தனார் அப்போது பக்கத்தில்தான் இருந்தாள். “அண்ணி, என்னங்க மந்திரம் போட்டீங்க?” என்றாள். மாமா தட்டை விட்டுத் தலை நிமிராமலே சொன்னார்: “நீயி என்ற ஜாதகத்தப் பார்த்தே. உன்ற அண்ணி என்ற வாயப் பார்த்தா.”

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தோறும், சாமி விளக்குகளைத் தேய்த்து முடித்ததும், மாமா என்னிடம் வாயைக் காட்ட ஜன்னலோரம் வந்து உட்காருவார். கூச்சம் முழுசாகப் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் வாயைத் திறப்பார். சாமி கொடுத்த உடம்புக்கு, சாமி விளக்குக்குச் செய்கிறதைக்கூடச் செய்யாமல் இத்தனை வருஷம் இருந்தோமே என்று நினைத்துக்கொள்வேன். ஆறு வருஷம் அப்படிப் போயிற்று. கடைசி நாள் மதியம்கூட ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

போன மாதம் எனக்கும் மேல் பல்செட் வந்துவிட்டது. என் மருமகள் கம்பெனி வேலைக்குப் போகிறவள், அந்தப் பெண்ணுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. முதல் நாள் ராத்திரி மாமாவின் சம்புடத்தில் தண்ணீர் பிடித்துவிட்டு, பல்செட்டைக் கழட்டக் கை போனது. அவள் பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என் கை தானாகவே முந்தானையைத் தேடியது. மாமா பட்ட பாடு எனக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. முந்தானையை விட்டுவிட்டு, அவள் பக்கம் திரும்பியே கழட்டினேன்.

“அய்யோ அத்தை, சின்னப் பாப்பாவாட்டம் இருக்கீங்க!” என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். “சிரிச்சது போதும் கண்ணு. வெள்ளிக்கிழமை காலையில ஜன்னலோரம் வாரேன், வாயைப் பார்த்துச் சொல்லு” என்றேன். எவ்வளவு புரிந்ததோ, தலையாட்டிவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, சம்புடத்தை வாங்கி அவளே மூடினாள். டப்பென்றது.