மாமா சிவப்படித்த ஷாக்கப்சர்

சிவப்பு எனாமல் பெயிண்டும் மண்ணெண்ணெயும் கலந்த நெடி எங்கே வந்தாலும் எனக்கு நினைவுக்கு வருவது என் தாய்மாமன் சொன்ன பொய்தான். எங்கள் ஊரான கம்பத்திலிருந்து மலையேறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டுபோய் மாலையில் கொண்டுவந்து இறக்கும் ஜீப் ஒன்று அவரிடம் இருந்தது. அதன் கண்ணாடியைத் தன் முகத்தைவிட அக்கறையாகத் துடைப்பார். முன்னால் தொங்கும் எலுமிச்சம்பழம் வாடினால் அன்றே மாற்றுவார். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்ததை மட்டும் ஒரு நாளைத் தவிர நான் கண்டதேயில்லை.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, காலாண்டு விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரேக் பார்க்க வந்த மெக்கானிக் எங்கள் வீட்டு வாசலிலேயே ஜீப்புக்கு அடியில் படுத்தெழுந்து, மாமாவிடம் தெளிவாகத்தான் சொன்னார்: "அண்ணே, பின்னாடி ரெண்டு ஷாக்கப்சரும் எண்ணெயக் கக்கிருச்சு. மூலைய அமுக்கி விட்டுப் பாருங்க, ஒருக்கா எந்திரிச்சு நின்னுறணும். இது ஆடிக்கிட்டே கெடக்கு. ரெண்டையும் சேத்து மாத்திருங்க."

அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் மாமா, "சாமான் விக்கப் பாக்குறான்" என்று சிரித்துவிட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் எண்ணெய்க் கசிவைத் துடைத்து, குலுக்கலைத் தாங்கும் அந்த இரண்டு குழாய்களுக்கும் பளபளவென்று சிவப்படித்தார். வண்டியின் அடியில் குனிய அவருக்குக் கிடைத்த ஒரே காரணம் அதுதான். மறுநாள் காலையில், "புது ஷாக்கப்சர் ஆத்தா, தொட்டில்ல போற மாதிரி இருக்கும்" என்று பெண்களை ஏற்றினார். அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். பிறகு அம்மாவும் மற்றப் பெண்களோடு காய் எடுக்க ஏறிக்கொண்டார். அன்று நானும் கூடப் போனேன்.

மலையேறும் மெட்டுச் சாலையின் ஒரு கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழுந்தது. எழுந்த வண்டி அடங்குவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிட, பின்சீட்டின் ஓரத்தில் இருந்த அம்மா மேலே எறியப்பட்டு, கூரைக் கம்பியில் தலை மோதி, சீட்டின் இரும்பு விளிம்பில் இடுப்பு அடிபட விழுந்தார். "ஆத்தே!" என்ற அலறலுக்கு மாமா திரும்பக்கூட இல்லை. "கம்பியப் புடிச்சு உக்காரத் தெரியாதா புள்ள?" என்றார்.

மலையுச்சியான மெட்டில் வண்டி நின்றதும் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நிமிர முடியவில்லை. அப்படியே நின்று, மற்றப் பெண்களிடம், "அந்த மூலைய அமுக்கி விடுங்கடி. எத்தன ஆட்டம் ஆடுதுன்னு எண்ணுங்க" என்றார். இரண்டு பேர் அமுக்கிவிட்டார்கள். எல்லோரும் சத்தமாக எண்ணினார்கள், ஐந்துவரை போயிற்று. "பெயிண்டுதேன் புதுசு. எங்க அண்ணன் அடிச்சத நான் பாத்துக்கிட்டுதேன் இருந்தேன். மானம் போயிருமேன்னு வாயப் பொத்திக்கிட்டேன்" என்று அம்மா சொன்னபோது, மாமா அவசரமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் ஒருவர்கூட ஏறவில்லை. அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் கம்பத்துக்குத் திரும்பினோம்.

அந்த வாரமே மாமா ஷாக்கப்சர் மாற்றினார். ஒன்றே ஒன்று, அதுவும் தான் உட்காரும் வலது பக்கத்தில். இடப்பக்கம் சிவப்பாகவே இருந்தது. அவரைப் பற்றி அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியவேண்டியிருக்கவில்லை. அவர் பெண்களின் வீட்டு வாசல்களில் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தார். பெண்கள் வேறு ஜீப்புக்கு மாறிவிட்டார்கள்.

இப்போது மெட்டுச் சாலை நன்றாக இருக்கிறது. அந்த ஜீப் என்றோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. மாமா மட்டும் கல்யாண வீடுகளில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்து, "என் கையில ஒரு ஆளுக்குக் கீறல் விழுந்ததில்ல" என்று இன்றும் சொல்கிறார். சுற்றியிருப்பவர்கள், "பெரியவுக சொல்றாக" என்று தலையாட்டுகிறார்கள். ஏலச்செடியின் தூரில் நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்த என் அம்மா, பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டு முப்பது வருடம் ஆகிறது.