நீடாமங்கலம் கேட் திறந்திருந்த நாள்

கூத்தாநல்லூர் வேன் ஸ்டாண்டில் வீரையனைத் தேடி வருகிறவர்கள் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. “அங்க யாரு தூங்குறாரோ, அவரைக் கூப்பிடுங்க” என்பார்கள். ஒரு தடவைகூட ஆள் மாறியது கிடையாது. மற்ற டிரைவர்கள் டீக்கடை வாசலில் நின்று சவாரிக்குக் கண்ணை உருட்டிக்கொண்டிருக்க, அவர் மட்டும் மெட்டடார் வேனின் பின்சீட்டில் காலை மடக்கிக்கொண்டு கிடப்பார்.

அப்படிப்பட்டவரை நம்பித்தான் ஊரே தன் பிள்ளைகளை ஏர்போர்ட்டுக்கு அனுப்பிவைத்தது. தொண்ணூற்றேழாம் வருஷம். வீட்டுக்கு ஒருவராவது துபாய், குவைத், சிங்கப்பூர் என்று பறந்துகொண்டிருந்த காலம். வாரத்துக்கு மூன்று நாள் திருச்சி ஓட்டம் நிச்சயம். ஒன்பது வருஷத்தில் அவர் வண்டி ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட உரசியதில்லை.

வேனுக்கு வருமுன் அவர் நெல் லாரி ஓட்டினார். ஒரு நாள் காலைப் பொங்கலும் வடையும் முடித்துவிட்டுக் கிளம்பியவர், குடவாசல் பக்கம் ஒரு வளைவில் கண்ணை மூடித் திறந்தார். திறந்தபோது லாரி சாலையில் இல்லை. முந்தின நாள்தான் நட்ட வயலுக்குள், முட்டளவு சேற்றில், சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. சேறு மெத்தையாக இருந்ததால் யாருக்கும் கீறல் இல்லை. வயலுக்குச் சொந்தக்காரர் சாரங்கபாணி அடிக்கவும் இல்லை, போலீசுக்குப் போகவும் இல்லை. “நீ அழிச்சதை நீயே நட்டுட்டுப் போய்யா” என்று நாற்றுமுடியைக் கையில் கொடுத்தார். வீரையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னோக்கி நட்டுக்கொண்டே போக, நட்டதையெல்லாம் அவர் காலே மிதித்தது. நடவுப் பெண்கள் வரப்பில் உட்கார்ந்து சிரித்தார்கள். “டிரைவரு! நடவுக்கு ரிவர்ஸ் கியருதான். பின்னாடி வாங்க, பின்னாடி!”

அதற்கப்புறம் மூன்று நாள் நிமிராமல் போன இடுப்பு அவருக்கு இரண்டு சட்டங்களைப் போட்டுக் கொடுத்தது. ஒன்று, தூக்கம் வந்தால் வண்டி நிற்கும். உள்ளே இருப்பது கல்யாண மாப்பிள்ளையானாலும் சரி. இரண்டு, பயணக்காரர் வீட்டில் கிளம்புமுன் சாப்பிடுவதில்லை. பச்சைமிளகாய் கடிப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது, வெற்றிலை குதப்புவது என்று மற்றவர்கள் சொன்ன வைத்தியம் எல்லாம் பார்த்துவிட்டார். “கண்ணுக்குக் கீழ தைலம் தேய்ச்சுப் பாருங்க” என்றவரிடம், “தேய்ச்சேன். அழுதுகிட்டே தூங்குனேன்” என்றார்.

இரண்டாவது சட்டத்தைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. வெளிநாடு போகிறவர் வீட்டில் அன்றைக்கு விருந்து. அதில் டிரைவருக்குத்தான் முதல் பந்தி, பெரிய கறித்துண்டு. டிரைவர் வயிறு குளிர்ந்தால் பயணம் குளிரும் என்று கணக்கு. வீரையன் கையெடுத்துக் கும்பிட்டு, “பொட்டலமாக் கட்டிக் கொடுத்துடுங்க, திரும்பி வந்து சாப்பிட்டுக்கிறேன்” என்பார். பாதி வீடுகளில் முகம் தூக்கிக்கொள்வார்கள்.

ஜன்னத் பீவி முகம் தூக்குகிறவர் அல்ல. வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறவர். அவருடைய ஒரே மகன் அன்சார் முதல்முறையாகத் துபாய் புறப்பட்டான். விசாவில் போட்டிருந்த தேதிக்கு அன்றுதான் கடைசி நாள். ஏஜென்டு டிக்கெட்டை இழுத்தடித்துக் கடைசியில் அந்த ஒரு விமானத்தில்தான் இடம் பிடித்துத் தந்திருந்தார். அதை விட்டால் வேலையும் போச்சு, விசாவுக்காக விற்ற நிலமும் போச்சு.

“ஏன் தம்பி, எங்க வீட்டு சோறு உங்களுக்கு இறங்காதா?”

“அப்படி இல்லக்கா...”

“எம்புள்ள கடைசி நாள்ல கிளம்புறான். டிரைவர் வயித்தைக் காயப்போட்டு அனுப்புனா எனக்கு மனசு கேக்குமா? உக்காருங்க.”

வீரையன் மணியைப் பார்த்தார். பன்னிரண்டு. கிளம்ப இன்னும் அரைமணி இருந்தது. ஒரு விநாடி யோசித்தார், உட்கார்ந்துவிட்டார். அந்த யோசனையின் பெயர் நீடாமங்கலம் ரயில்வே கேட்.

அந்தச் சாலையில் ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். நீடாமங்கலம் கேட் மூடினால் மூடியதுதான். எஞ்சின் முன்னால் போய், பின்னால் வந்து, பெட்டியைக் கழற்றி, பெட்டியை மாட்டி முடிப்பதற்குள் நல்ல தூக்கம் ஒன்று போட்டுவிடலாம். மற்றவர்கள் அந்தக் கேட்டைத் திட்டுவார்கள். வீரையனுக்கு அது படுக்கையறை. வெள்ளரிப்பிஞ்சு விற்கிற பெண்கள்கூட அவர் வேனுக்குப் பக்கத்தில் குரலைத் தாழ்த்திக் கூவுவார்கள். பிரியாணியை ஒரு பிடி பிடித்துக்கொண்டு கேட்டில் இருபது நிமிஷம் கண்ணசந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டார். ஒரு தட்டு இரண்டானது. தால்ச்சா ஊற்ற ஊற்ற உள்ளே போனது.

பன்னிரண்டரைக்கு வேன் கிளம்பியது. உள்ளே அன்சார், ஜன்னத் பீவி, தங்கை சாஜிதா, சவூதியில் பத்து வருஷம் வண்டி ஓட்டிவிட்டு வந்த தாய்மாமன் சித்தீக், இன்னும் ஏழெட்டு உறவுகள்.

நீடாமங்கலம் வந்தது. கேட் திறந்திருந்தது.

“அல்லாவோட கிருபை! பாருங்க, கேட்டுத் தொறந்திருக்கு!” என்று வேனே குதித்தது. வீரையன் ஒருவர் மட்டும் வீடு பூட்டியிருப்பதைப் பார்த்த விருந்தாளி மாதிரி தண்டவாளத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி கடந்தார்.

அம்மாபேட்டை வரை ஓட்டிவிட்டார். சாலியமங்கலம் தாண்டியதும் பிரியாணி தன் வேலையைக் காட்டியது. சாலையின் நடுக்கோடு இரண்டாகப் பிரிந்து, இரண்டும் மெல்ல ஆட ஆரம்பித்தன. இரண்டு பக்கமும் அறுவடைக்கு நின்ற சம்பா, வா வா என்று தலையசைத்தது. எதிரே வந்த பஸ் அலறிவிட்டுப் போனது. பின்னால் யாரும் கவனிக்கவில்லை. வீரையன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். அந்தப் பஸ் எப்போது கண்ணில் பட்டது என்பது அவருக்கு ஞாபகமில்லை.

ஒரு வாகை மரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

“என்னங்க டிரைவரே, டயரா?” என்றார் சித்தீக்.

“இல்ல பாய். தூக்கம்.”

வேனுக்குள் ஒரே நேரத்தில் எல்லா வாயும் திறந்தது.

“யோவ், பிளைட்டுய்யா! இன்னிக்கு விட்டா விசா செத்துப்போச்சு!”

“தெரியும் பாய். அதுக்குத்தான் நிறுத்துனேன். விசா செத்தா இன்னொண்ணு எடுக்கலாம்.”

“சாவியைக் குடு. ரியாத்ல டிரெய்லரே ஓட்டுனவன் நான்” என்று சித்தீக் கையை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடி இருக்க, ஒரு கொட்டாவி அவர் முகத்தைப் பிளந்துகொண்டு வந்தது.

“மாமா, நீங்க மூணு தட்டு” என்றாள் சாஜிதா.

வீரையன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஜன்னத் பீவியைப் பார்த்தார். “அக்கா, ஒரு கணக்கு. அன்சாரு எத்தனை மணிக்கு உள்ள போவணும்?”

“நாலரை.”

“நிக்காமப் போனா நாலுக்குப் போவோம். அந்த அரைமணி எதுக்கு?”

ஜன்னத் பீவி திகைத்தார். “எதுக்குன்னா? அழுவுறதுக்குத்தான்.”

“அதுல எனக்கு இருபது நிமிஷம் குடுங்க. நான் தூங்குற நேரத்துல நீங்க இங்கயே அழுதுக்குங்க. ஏர்போர்ட் மாதிரி தள்ளி விட இங்க ஆளு கிடையாது. நெழலும் இருக்கு.”

கேட்டவர்களுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. சித்தீக் மறுபடி வாயைத் திறந்தார். ஜன்னத் பீவி கையை உயர்த்தினார். “விடு சித்தீக்கு. வேணாம் வேணாம்னவருக்கு அள்ளி அள்ளிப் போட்டது நாந்தான். தம்பி, நீங்க தூங்குங்க. இருபது நிமிஷத்துல நான் எழுப்புறேன். எல்லாரும் எறங்குங்க கீழ. மெதுவா!”

அப்புறம் நடந்ததையெல்லாம் சாஜிதா பின்னாளில் சொல்லித்தான் வீரையனுக்குத் தெரியும். ஜன்னத் பீவி மகனை மட்டும் அழைத்துக்கொண்டு வாய்க்கால் மதகின் மேல் போய் உட்கார்ந்தாராம். மூன்று வாரமாக வீடு நிறைய ஆள். பயணம் சொல்ல வந்தவர்களுக்கு டீ போட்டே பொழுது போயிருந்தது. அவனோடு ஐந்து நிமிஷம் தனியாகப் பேசியிருக்கவில்லை. அன்சார், “அம்மா, எனக்குப் பயமா இருக்கு” என்றானாம். “எனக்குந்தாண்டா” என்றாராம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். இடையிடையே வேனிலிருந்து வந்த குறட்டைக்கு அன்சார் கண்ணீரோடு சிரித்துவிட்டான். கஞ்சி எப்படிக் காய்ச்சுவது, காய்ச்சல் வந்தால் யாரிடம் போவது என்று அவர் சொல்ல, அவன் வரிசையாகத் திருப்பிச் சொன்னான்.

தோளில் ஒரு கை பட்டது. “தம்பி, இருபது ஆச்சு.” வீரையன் கண் விழித்தார். சாலையில் கோடு ஒன்றுதான் இருந்தது. ஏறி உட்கார்ந்த முகங்கள் எல்லாம் மழை விட்ட வயல்போலத் தெளிந்திருந்தன.

தஞ்சாவூர் தாண்டியதும் சோதனை. வல்லம் பக்கம் வைக்கோலைச் சாலை நெடுக உதறிப் போட்டிருந்தார்கள், போகிற வண்டிகள் மிதித்துக் கொடுக்கட்டும் என்று. சக்கரத்தில் சுற்றாமல் ஊர்ந்துதான் கடக்க முடிந்தது. சித்தீக் நிமிஷத்துக்கு ஒரு தரம் தங்கக் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியை உரக்க அறிவித்தார். வீரையன் பதற்றப்படவில்லை. முந்தக்கூடாத இடத்தில் முந்தவும் இல்லை. கழுவிவிட்டதுபோன்ற கண்ணோடு, ஒரே சீராக ஓட்டினார்.

ஏர்போர்ட் வாசலில் நின்றபோது நாலு இருபத்தாறு.

வாசல் முழுக்க அழுகை. நாலைந்து குடும்பங்கள் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு நின்றன. காவலர் ஒருவர், “சீக்கிரம், சீக்கிரம்” என்று பிரித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். அன்சார் பெட்டியோடு இறங்கி அம்மாவைப் பார்த்தான்.

“என்னடா நிக்கிற? எல்லாம் சொல்லியாச்சு. ஓடு!”

அவன் ஓடினான். கண்ணாடிக் கதவுக்குள் போய் டிக்கெட்டைக் காட்டினான். சீருடைக்காரர் அதை வாங்கிப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, தலையசைத்து உள்ளே விட்டார். ஜன்னத் பீவி கண்ணாடியிலிருந்து நெற்றியை எடுத்தார்.

சித்தீக் வீரையன் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். “ரியாத்ல ஒரு தடவை நானும் கண்ணசந்தேன். டிரெய்லர் ஓட்டும்போது. வீட்ல யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்களும் சொல்லாதீங்க.”

“நான் எங்க பாய் சொல்றேன், எனக்குத் தூங்கவே நேரம் பத்தல.”

ஜன்னத் பீவி வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். “தம்பி, இப்பத் தூக்கம் வருதா?”

“இல்லக்கா.”

“நல்லாத் தெரியுமா?”

“சத்தியமா இல்ல.”

“அப்பக் கிளம்புங்க. நாலு நாளா நான் கண்ணை மூடல.”

துவாக்குடி வருவதற்குள் அவர் தலை ஜன்னலில் சாய்ந்துவிட்டது. பின்னால் சித்தீக், சாஜிதா, மற்ற உறவுகள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்து கிடந்தார்கள். வீரையன் பாட்டு கேசட்டை நிறுத்தினார். பள்ளங்களில் வண்டியை மெல்ல இறக்கி, மெல்ல ஏற்றி, வெயில் தாழ்ந்த சாலையில் அத்தனை பேரையும் ஊருக்குக் கொண்டுபோனார்.