அம்மாவுக்குத் தெரியாத வெளிர் சிவப்பு

வினிகர் தொழிற்சாலையின் சோதனை அறையில் அம்மா இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். குடுவையில் வினிகரும், நிறம் காட்ட இரண்டு சொட்டு பினாப்தலீனும். மேலே அளவுக்கோடு போட்ட பியூரெட்டில் காரம். அதைச் சொட்டுச் சொட்டாக விட்டு, முதல் வெளிர் சிவப்பு கலையாமல் நின்றதும் குழாயை மூட வேண்டும். தாண்டிவிட்டால் அமில அளவு கூடுதலாக வரும்.

கூட வேலை பார்த்தவளை அம்மா ‘குட்டி’ என்பாள். நாற்பது வயது, எண்பது கிலோ குட்டி. அது என் செல்லப்பெயர். நான் வேலைக்காக வேறு ஊர் போன வருஷம் கைமாறியது. போனில் பத்து நிமிஷம் பேசினால் எட்டு நிமிஷம் குட்டி புராணம்தான்.

ஒருமுறை குட்டி இரண்டு வாரம் விடுப்பில் போனாள். அந்த இரண்டு வாரமும் அம்மாவின் அளவுகள் கூடுதலாக வந்தன. மேலாளர் முணுமுணுத்தார். அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில், நானே போனேன். திரும்பி வந்திருந்த குட்டி அம்மாவின் தோளை ஒட்டி நின்றாள்.

“நான் இருக்கேன்ல. நீங்க உங்க வேலையைப் பாருங்க” என்றேன் அவளிடம்.

அம்மா அவளையே பார்த்தாள். அவள் போய்விட்டாள்.

பியூரெட் சரி. நுனியில் காற்றுக்குமிழி இல்லை. காரம் வலுவிழக்கவில்லை. அம்மா கண்மட்டத்தில்தான் அளவு பார்த்தாள். ஆனாலும் மூன்று முறையும் 0.3 மில்லி கூடுதல். நான் பியூரெட்டை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நான் திரும்புவதற்குள் அம்மா குடுவையை அலசிக் கவிழ்த்துவிடுவாள்.

‘காரணம் தெரியவில்லை’ என்று அறிக்கை எழுதினேன். அடுத்த மாதம் அம்மாவை லேபிள் ஒட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். “உட்கார்ந்த வேலைதானே, நல்லது” என்றாள்.

அம்மா இறந்த மூன்றாம் நாள் குட்டி வீட்டுக்கு வந்தாள். என்னைவிட அதிகம் அழுதிருந்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

“அக்காவுக்கு அந்த வெளிர் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, தம்பி. லேப்ல இருந்த கடைசி நாலு வருஷமா. நான் பக்கத்துல நின்னு இருமுவேன். உடனே குழாயை மூடிடுவாங்க.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“‘என் பிள்ளைகிட்ட மட்டும் ஃபெயிலாக முடியாது குட்டி’ன்னாங்க.”

“சொல்லியிருந்தா நானும் இருமியிருப்பேனே.”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“நீ எழுதியிருப்பே, தம்பி.”

எழுதியிருப்பேன்தான். அதையும் எனக்கு முன்பே குட்டி தெரிந்துவைத்திருந்தாள்.